மாற்றாமல் விட்ட ஆறு பெயர்கள்

சர்கண்ட்,
2024 மார்ச் 3

வாத்தியார் தௌரென் தம்பிக்கு,

ஸலாம் சொல்லித்தான் கடிதத்தை ஆரம்பிக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். இன்று வாயில் வரவில்லை.

நான் குல்சிபா. உங்கள் இணைய வகுப்பில் இருக்கும் நாற்பது பேரில் ஒருத்தி. கல்யாணங்களுக்குக் கேக் செய்து கொடுப்பவள். அந்தக் கேக்குகளைப் படத்தோடு போட ஒரு வலைப்பக்கம் வேண்டும் என்று உங்களிடம் சேர்ந்தவள். ஒற்றை விரலால் தட்டுகிறவள். போன வாரம் எல்லார் முன்னாலும், "அக்கா, நீங்க அந்த அடைப்புக்குறிய மூடுறதுக்குள்ள எனக்குத் தாடி நரைச்சிரும்" என்றீர்களே, அந்த அக்கா.

மூன்றாம் பாடத்தில் பட்டியல் போடக் கற்றுக்கொடுத்தீர்கள். எண் போட்டு ஏழு வரி. "நமக்கு ஏழு வரின்னா வேற என்ன, ஏழு பாட்டன்மாருதான்" என்று சிரித்துவிட்டு, உங்கள் அப்பாவில் ஆரம்பித்து ஏழாம் தலைமுறை வரை உங்கள் வம்சத்தையே மாதிரியாகப் போட்டுக் காட்டினீர்கள். அதை அப்படியே எழுதி, பெயர்களை மட்டும் மாற்றி, வலையில் ஏற்றி, சொந்தக்காரர்களுக்கு அனுப்பச் சொன்னீர்கள். நானும் பெருமையாக அனுப்பினேன். தெகேலியில் இருக்கும் என் சம்பந்தி அம்மாவுக்குத்தான் முதலில் அனுப்பினேன்.

என் மகள் ஷோல்பானை அந்த வீட்டுத் தைமாஸுக்குப் பேசி முடித்திருந்தோம். தைமாஸை உங்களுக்குத் தெரியும், உங்கள் முதல் வகுப்பில் படித்தவர். என்னை உங்களிடம் அனுப்பியதே அவர்தான். மார்ச் எட்டாம் தேதி அவர்கள் வந்து என் மகளுக்குக் காதணி போட்டு உறுதி செய்வதாக இருந்தது. அதற்குள் என் பக்கத்தைத் தைமாஸின் தாத்தா ஜுமாதில் பெரியவர் பார்த்துவிட்டார். முதல் வரியில் என் கணவர் துங்கிஷ்பாய் பெயர். அதற்குக் கீழே ஆறு வரியும் உங்கள் மாதிரியில் இருந்தபடியே இருந்தன. நான் மாற்றவில்லை. அந்த ஆறில் கடைசி நான்கு பெயர்கள், வரிசைகூடத் தப்பாமல், ஜுமாதில் பெரியவருடைய தாத்தாவும் அவருக்கு மேலே உள்ளவர்களும்.

ஏழு தலைமுறைக்குள் பொதுவாக ஒரு பாட்டன் இருந்தால் நம் கஜாக் வழக்கத்தில் கல்யாணம் கூடாது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பெரியவர் போனில் அழுதார். பஞ்சத்தில் எல்லை தாண்டிச் சீனாவுக்குப் போய் அப்படியே தொலைந்துபோன அவருடைய சித்தப்பாவின் வாரிசுகள் நாங்கள்தானாம். "எங்க வீடு தொண்ணூறு வருஷமாத் தேடின ரத்தம்மா நீங்க" என்று விக்கினார். அன்றைக்கே ஓர் ஆட்டை அறுத்துத் தெருவுக்கெல்லாம் சாப்பாடு போட்டார். அன்றைக்கே கல்யாணத்தையும் நிறுத்திவிட்டார். அண்ணனுக்குத் தங்கையைக் கட்டி வைப்பார்களா என்கிறார்.

என் மகள் மூன்று நாளாகச் சாப்பிடவில்லை. அவை உங்கள் மாதிரியில் இருந்த பெயர்கள், எங்கள் வீட்டுப் பெயர்கள் அல்ல என்று பெரியவருக்கு நீங்கள் நாலு வரி எழுதிப் போட வேண்டும். அது போதும்.

குல்சிபா

*

கராகண்டி,
மார்ச் 4

திருமதி குல்சிபா அவர்களுக்கு,

நடந்ததற்கு வருந்துகிறேன். ஆனால் என் தலையில் ஏன் கொண்டுவந்து போடுகிறீர்கள் என்று புரியவில்லை. பெயர்களை மாற்றுங்கள் என்று அந்த வீடியோவில் மூன்று முறை சொல்லியிருக்கிறேன். கீழே சிவப்பு எழுத்திலும் போட்டிருக்கிறேன். முப்பத்தொன்பது பேர் மாற்றினார்கள். ஒருவர் வேடிக்கைக்காகத் தன் ஏழு குதிரைகளின் பெயரைப் போட்டார், அவருக்கும் முழு மதிப்பெண் கொடுத்தேன். நீங்கள் ஒருவர்தான் முதல் வரியோடு நிறுத்திக்கொண்டீர்கள்.

ஏழு பாட்டன்மார் பெயரைச் சொல்லத் தெரியாத ஒரு கஜாக் வீடு இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அது என் தவறானால் ஒப்புக்கொள்கிறேன்.

உங்கள் வீட்டு உண்மையான பெயர்களைச் சம்பந்திக்கு எழுதி அனுப்புங்கள், விஷயம் முடிந்தது. மாணவர்களின் கல்யாணத்துக்குச் சான்றிதழ் எழுதிக் கொடுப்பது என் வேலை இல்லை.

தௌரென்

*

சர்கண்ட்,
மார்ச் 5

தௌரென் தம்பிக்கு,

தெரியாத வீடா? நீங்கள் எந்த வீட்டில் வளர்ந்தீர்கள் தம்பி? அங்கே மருமகள் யாருமே இல்லையா?

நான் என் கணவர் வீட்டுக்கு வாழ வந்து இருபத்தாறு வருஷம் ஆகிறது. மருமகள் வாயில் வரக் கூடாத என் மாமனார் பெயரை ஒருநாளும் நான் சொன்னதில்லை. அவருக்கு மேலே உள்ளவர்கள் பெயரையும் சொன்னதில்லை. மாமனார் பெயரில் 'கல்' என்ற சொல் வருகிறது. அதனால் கல்லை நான் 'கெட்டி' என்றுதான் சொல்வேன். "வாசல்ல கெட்டி கிடக்கு, பாத்து வா" என்பேன், ஷோல்பான் விழுந்து விழுந்து சிரிப்பாள். அவர் செத்துப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது, இன்னும் எனக்கு அது கெட்டிதான். வாயால் சொல்லாததை விரலால் மட்டும் தட்டிவிட முடியுமா? கணவர் பெயர் வந்தது, ஏனென்றால் சமாதியில் பொறிக்க நான்தான் எழுதிக் கொடுத்தேன். இரண்டாம் வரிக்கு விரல் போகவில்லை. வரியை வெறுமனே விட்டால் மதிப்பெண் குறைப்பேன் என்று நீங்கள் மிரட்டியிருந்தீர்கள். பயிற்சிதானே என்று உங்கள் பெயர்களையே விட்டுவிட்டேன். முட்டாள்தனம்தான். என் முட்டாள்தனத்துக்கு என் மகள் அழ வேண்டுமா?

உண்மையான பெயர்களை ஷோல்பான் எழுதி அனுப்பிவிட்டாள். பெரியவர் நம்பவில்லை. "மாட்டிக்கிட்ட பிறகு புதுப் பட்டியலா? கல்யாணம் வேணுங்கிறதுக்காக ரத்தத்தை மறைக்காதீங்க" என்கிறார். என் கணவருக்குக் கூடப்பிறந்தவர்கள் இல்லை. சாட்சி சொல்ல எங்கள் பக்கம் ஆண்பிள்ளை யாரும் கிடையாது. அதனால்தான் உங்கள் காலைப் பிடிக்க வேண்டியிருக்கிறது.

இன்னொன்றும் கேட்க வேண்டும். அந்தப் பெயர்கள் உங்களுடையவை என்றால், பெரியவருடைய சித்தப்பா வம்சம் நீங்கள்தானே? போய் நில்லுங்கள், உங்களுக்கும் ஓர் ஆடு அறுப்பார். அந்த மனிதர் ஆயுள் முழுக்கக் காத்திருந்தது உங்களுக்காக அல்லவா? உங்களுக்கு அதில் துளி ஆச்சரியம்கூட வரவில்லையே, ஏன்?

இன்று காலை மூன்றாம் பாடத்தைத் திறந்தேன். வீடியோ மாறியிருக்கிறது. பாட்டன்மார் யாரும் இல்லை. ஏழு பழங்களின் பெயர் இருக்கிறது.

குல்சிபா

*

கராகண்டி,
மார்ச் 7

திருமதி குல்சிபா அவர்களுக்கு,

பாடங்களை அவ்வப்போது மாற்றுவேன். அதற்கு உங்களிடம் அனுமதி வாங்க வேண்டியதில்லை.

என் மாதிரியில் நீங்கள் சொல்லும் நான்கு பெயர்கள் இருந்ததே இல்லை. எங்கேயோ கேட்டதை எழுதிவிட்டு, பிடிபட்டதும் என்னைக் காட்டுகிறீர்கள். அந்தப் பெரியவர் உங்களை நம்பாததில் எனக்கு வியப்பில்லை.

உங்களை வகுப்பிலிருந்து நீக்கிவிட்டேன். இனி எழுதாதீர்கள்.

தௌரென்

*

சர்கண்ட்,
மார்ச் 9

தௌரெனுக்கு,

இனி தம்பி இல்லை.

நேற்று மார்ச் எட்டு. காதணி வரவில்லை. தைமாஸ் மட்டும் வந்தார், கையில் ஒரு கொத்து துலிப் பூ. வாசலோடு நின்றுவிட்டார். "தங்கச்சிக்குன்னு சொல்லிக் குடுத்துட்டு வரச் சொன்னாரு தாத்தா" என்றார், என் முகத்தைப் பார்க்காமல். அந்தச் சொல் ஷோல்பான் காதில் விழுந்தது. அறைக்குள்ளிருந்து வந்து பூவை வாங்கிக்கொண்டு, "சரி அண்ணா" என்றாள். அவள் அப்படிச் சொன்னதை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். உங்களையும் மறக்க மாட்டேன்.

இப்போது கேளுங்கள். ஐம்பது வயதில் படிக்க வந்தவள் நான், திரையை நம்பவில்லை. நீங்கள் காட்டியதையெல்லாம் கோடு போட்ட நோட்டில் பேனாவால் எழுதி வைத்திருக்கிறேன், ஓர் அடைப்புக்குறி விடாமல். பதினாலாம் பக்கத்தில் உங்கள் மாதிரி முழுசாக இருக்கிறது. தலைப்பில் உங்கள் பெயர், கீழே ஏழு பெயர்கள், ஓரத்தில் தேதி.

தைமாஸிடம் விசாரித்தேன். அவர் படித்த காலத்தில் மாதிரியில் கிழமைகளின் பெயர்கள்தான் இருந்தனவாம். "பாட்டன்மார் பேரை முதன்முதல்ல போட்டது நான்தான் அத்தை, வாத்தியார் ரொம்பப் பாராட்டினாரு" என்றார். நான் படிக்காதவள்தான், ஆனால் மாவு எந்த மூட்டையிலிருந்து வந்தது என்று பார்க்கத் தெரியும். அது உங்கள் வம்சம் இல்லை. ஒரு மாணவனின் பாட்டன்மாரைத் திருடி, மேலே உங்கள் பெயரை ஒட்டியிருக்கிறீர்கள். என்னை ஏளனம் செய்தீர்களே, ஏழு பெயர் தெரியாத வீடு என்று. உங்களுக்கு ஒன்றாவது தெரியுமா?

பதினைந்தாம் தேதிவரை பொறுப்பேன். அதற்குள் பெரியவருக்கு எழுதுங்கள். இல்லையென்றால் அந்தப் பக்கத்தைப் படமெடுத்து அவருக்கும் தைமாஸுக்கும் வகுப்பில் உள்ள எல்லாருக்கும் அனுப்புவேன்.

குல்சிபா

*

கராகண்டி,
மார்ச் 12

குல்சிபா அவர்களுக்கு,

தெரியாது. ஒன்றும் தெரியாது. திருப்தியா?

இரண்டு வயதில் என்னை இந்த ஊர் ரயில் நிலையத்தில் விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். அநாதை இல்லத்தில் வளர்ந்தேன். என் அடையாளச் சீட்டில் அப்பா பெயர் என்று இருப்பது இல்லத்துக் காவல்காரர் பெயர். அங்கே மருமகள் யாரும் இல்லையா என்று கேட்டீர்கள். இல்லை, யாரும் இல்லை. முப்பது இரும்புக் கட்டில்கள் இருந்தன.

இரண்டரை வருஷத்துக்கு முன்பு என் மனைவி ஆயகோஸைப் பெண் கேட்டுப் போனேன். அவள் அப்பா டீயை ஊற்றி என் பக்கம் நகர்த்திவிட்டு, "சொல்லுங்க மாப்பிள்ளை, உங்க ஏழு பேரு யாரு?" என்றார். அந்த வாரம்தான் தைமாஸின் பயிற்சியைத் திருத்தியிருந்தேன். கடைசி நான்கு பெயர்கள் மனதில் இருந்தன. முதல் பெயருக்குக் காவல்காரர் பெயரை வைத்தேன், அடுத்த இரண்டை அங்கேயே உட்கார்ந்து உருவாக்கினேன். ஒவ்வொரு பெயருக்கும் அவர் தலையை ஆட்டினார். ஏழாவது முடிந்ததும் எழுந்து என்னைக் கட்டிக்கொண்டார். என்னை அதுவரை யாரும் அப்படிக் கட்டிக்கொண்டதில்லை. என் வீடியோ ஒன்றையும் விடாமல் பார்க்கிறவர் அவர். அவர் பார்ப்பதற்காகத்தான் அந்தப் பட்டியலை மாதிரியில் போட்டேன். போட்டுப் போட்டு எனக்கே அது என்னுடையதாகிவிட்டது. உங்கள் ஜுமாதில் பெரியவர் ஆட்டை அறுத்தார் என்று படித்தபோது ஒரு நிமிடம் நான் சந்தோஷப்பட்டேன், தெரியுமா? பைத்தியக்காரன்.

ஆயகோஸுக்கு இது ஏழாம் மாதம். விஷயம் வெளியே வந்தால் அவள் அப்பா அவளை அழைத்துக்கொண்டு போய்விடுவார். நான் அநாதை என்பதற்காக இல்லை. எந்த ரத்தம் என்றே தெரியாதவன் அவர்கள் ரத்தமாகவே இருந்துவிட்டால் என்ற பயத்தில். அப்படி இல்லை என்று காட்ட என்னிடம் ஒரு காகிதம்கூடக் கிடையாது. உங்கள் பெரியவருக்கு நான் ஒரு வரி எழுதினாலும், "அப்ப இது உன் வம்சமா?" என்று அவர் கேட்பார். ஆமாம் என்றால் பொய், இல்லை என்றால் எல்லாம் வெளியே வந்துவிடும்.

உங்கள் மகளுக்கு இன்னொரு மாப்பிள்ளை வருவான். எனக்கு இன்னொரு வீடு வராது. நோட்டை அனுப்புவதானால் அனுப்புங்கள். அனுப்பிவிட்டு நிம்மதியாக உட்கார்ந்து கேக் சுடுங்கள்.

தௌரென்

*

சர்கண்ட்,
மார்ச் 19

தௌரெனுக்கு,

இன்னொரு மாப்பிள்ளை வருவான் என்று எழுதிய அந்த ஒரு வரிக்காகவே நான் நோட்டை அனுப்பியிருக்க வேண்டும். படமும் எடுத்துவிட்டேன். பெரியவர் எண்ணைத் தேடி எடுத்துவிட்டேன். அனுப்ப வேண்டியதுதான் பாக்கி. கைபேசியைக் கீழே வைத்துவிட்டு உங்களைத் திட்டினேன், சத்தமாக, மாவு பிசைந்துகொண்டே. ஏழாம் மாதம் என்று எழுதித் தொலைத்திருந்தீர்களே. அதைப் படிக்காமல் இருந்திருந்தால் வசதியாக இருந்திருக்கும்.

பதினாறாம் தேதி நானே தெகேலிக்குப் பஸ் ஏறினேன். ஷோல்பானிடம் சொல்லவில்லை. பெரியவர் என்னைப் பார்த்ததும், "வாம்மா, நம்ம வீட்டுப் பொண்ணு வந்திருக்கா" என்று எல்லாரையும் கூப்பிட்டு, மரியாதைக்குரியவர்கள் உட்காரும் மேலிடத்தில் உட்கார வைத்தார்.

"ஐயா, நான் உங்க வீட்டுப் பொண்ணு இல்ல. வகுப்புல மாதிரியாக் காட்டினது உங்க பேரன் போட்ட பட்டியல். அதைப் பாத்து எழுதி, மாத்தாம விட்டுட்டேன்" என்றேன். இது பொய் இல்லை. முழு உண்மையும் இல்லை. தைமாஸும் ஆமாம் என்றார், "உனக்குக் கல்யாணம் வேணும், அப்படித்தான் சொல்லுவ" என்று பெரியவர் அவரைத் தள்ளிவிட்டார்.

"அடுத்தவன் பாட்டனை எவளாவது தன் புருஷன் பேருக்குக் கீழ எழுதுவாளா? என்னைச் சின்னப் பிள்ளையா நெனச்சியா?" என்றார். "நீ வெக்கப்படாத. எல்லை தாண்டினவங்க பேரை மாத்திக்கிட்டதெல்லாம் சகஜம். உன் பிள்ளைக்கு நானே நல்ல இடமாப் பாத்துத் தர்றேன்."

பேசிப் பிரயோஜனம் இல்லை என்று தெரிந்துவிட்டது. எழுந்து நின்றேன். அந்த வீட்டு ஆண்கள், பெண்கள் எல்லாரும் பார்க்க, என் மாமனார் பெயரைச் சொன்னேன். தஸ்தெமிர். இத்தனை வருஷமாக நான் கெட்டி, கெட்டி என்று மாற்றிச் சொன்ன கல்தான் அந்த 'தஸ்'. சத்தம் எனக்கே கேட்கவில்லை. திரும்பச் சொன்னேன். அடுத்து அவருடைய அப்பா. ஜன்ஷாகுல். அடுத்தவர் பெயரைச் சொன்னபோது சுவரைப் பிடித்துக்கொண்டேன். தைமாஸின் அம்மா, "ஐயோ வேணாம் சம்பந்தி" என்று வாயைப் பொத்திக்கொண்டார். ஐந்தாவது பெயரில் பெரியவர் கையைத் தூக்கினார்.

"போதும்மா. போதும். மருமக வாயால இதைக் கேக்க வச்சுட்டேனே" என்றார்.

நம்பிவிட்டார். அந்தப் பெயர்களைச் சொல்ல ஒரு மருமகளுக்கு என்ன ஆகும் என்று அந்த அறையில் எல்லாருக்கும் தெரியும். பொய்க்காக யாரும் அதைச் செய்ய மாட்டார்கள். பெயரை எழுதக்கூட விரல் வராமல் விட்ட வீட்டிலிருந்துதான் நமக்குப் பெண் வேண்டும் என்று அவரே தைமாஸின் அம்மாவிடம் சொன்னார். நவுரிஸ் பண்டிகை முடிந்து காதணி போடுகிறார்கள்.

ஆனால் அதைச் சொல்லிவிட்டுப் பெரியவர் வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, "அப்ப எங்க சித்தப்பா இன்னும் வரலியா?" என்றார். நான்தான் அவரை வெளியே நிறுத்தி வைத்திருப்பதுபோல் கேட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது. கல்யாணம் திரும்பக் கிடைத்த வீட்டில் நான் ஒருத்தி அழுதுகொண்டிருந்தேன். அந்தக் கிழவரை நீங்களும் நானும் சேர்ந்து ஏமாற்றினோம் தௌரென். நான் முட்டாள்தனத்தால், நீங்கள் திருட்டால். வீட்டுக்கு வந்தும் மூன்று நாளாக என் கணவர் படத்தை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

உங்களைக் காப்பாற்றினேன் என்று நினைக்காதீர்கள். உங்கள் பெயரை நான் அங்கே சொல்லவில்லை, அவ்வளவுதான். அநாதை என்பதற்காக உங்கள்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. அதை மறைக்க என் மகள்மேல் மண்ணை வாரிப் போட்டீர்கள், என்னைப் பொய்க்காரி என்றீர்கள், அதை மன்னிக்க மாட்டேன். நோட்டு என்னிடமே இருக்கும், யாருக்கும் போகாது. ஆனால் ஆயகோஸிடம் நீங்களே சொல்லுங்கள். உங்கள் குழந்தைக்குப் பேச்சு வந்ததும், அதைத் தன் மடியில் உட்கார வைத்து அந்தத் திருட்டுப் பெயர்களைச் சொல்லிக் கொடுக்கப் போவது உங்கள் மாமனார்தான். அதைப் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருக்க உங்களால் முடியுமானால், நான் நினைத்ததைவிட நீங்கள் மோசமான ஆள்.

என்னைத் திரும்ப வகுப்பில் சேர்க்க வேண்டாம். இதற்குப் பதிலும் வேண்டாம்.

குல்சிபா

*

கராகண்டி,
ஏப்ரல் 3

குல்சிபா அக்காவுக்கு,

பதில் வேண்டாம் என்றீர்கள். இதுவரை நீங்கள் சொன்ன எதை நான் கேட்டேன்?

உங்களுக்கு நன்றி சொல்ல மாட்டேன். உங்கள் கடிதம் வந்த பிறகு இரண்டு வாரம் எனக்குத் தூக்கமும் இல்லை, பாடமும் நடத்த முடியவில்லை. ஆயகோஸ் குழந்தைக்குத் தொட்டில் துணி தைத்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரிக்கும்போதெல்லாம் உங்களை வெறுத்தேன்.

முந்தாநாள் மத்தியானம் சொல்லிவிட்டேன். சமையலறையில் வைத்து, நின்றபடியே சொன்னேன். ரயில் நிலையம், இல்லம், காவல்காரர், தைமாஸின் பட்டியல், உங்கள் மகள் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை. அடுப்பை அணைத்தாள். எனக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"உங்க அப்பா பேரு என்ன?" என்றாள்.

"தெரியாது" என்றேன்.

"அவரோட அப்பா?"

"தெரியாது."

"அவரோட அப்பா?"

பாதியில் நிறுத்துவாள் என்று பார்த்தேன், நிறுத்தவில்லை. ஏழு முறை கேட்டாள். ஏழு முறையும் என்னைச் சொல்ல வைத்தாள்.

பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இதையே எங்கப்பா முன்னாடியும் சொல்லுங்க. இதே மாதிரி, ஏழையும். நான் எதிர்ல உக்காந்து பாக்கறேன்" என்றாள்.

அவள் அப்பா ஊருக்கு வெள்ளிக்கிழமை ரயிலில் டிக்கெட் அவள்தான் எடுத்தாள். இரண்டு பேருக்கும் போவதற்கு எடுத்திருக்கிறாள். திரும்பி வருவதற்கு எனக்கு மட்டும் எடுத்திருக்கிறாள்.

தௌரென்